கடலூர் மாநகராட்சியிடம் தெருக் குறைகளை எடுத்துச் செல்வது: குடியிருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1866 முதல் நகராட்சியாக இருந்த கடலூர், 2021 இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 2022 பிப்ரவரியில் 45 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்து மாமன்றம் அமைந்தது. அதன் பிறகு குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களில் திருப்பாதிரிப்புலியூர்க்காரர்களும், மஞ்சக்குப்பம், முதுநகர், தேவனாம்பட்டினம் பகுதி மக்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளே இங்கே இருக்கின்றன. தெருவில் நின்று நாம் பேசும் குறை, தேதியும் எண்ணும் உள்ள ஒரு கோப்பாக மாறும்வரை அலுவலகத்தில் அப்படி ஒரு குறையே கிடையாது. இங்குள்ள பதில்கள் எல்லாமே அந்தக் கோப்பை உண்டாக்குவதையும், அது தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதையும் பற்றியவை.

எந்தக் குறையை யாரிடம் சொல்ல வேண்டும்?

மனுக்கள் வீணாவதற்கு முதல் காரணம் முகவரி தவறுவதுதான். நம் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் எல்லாமே "கவர்மென்ட்" வேலையாகத் தெரியும். ஆனால் ஒரே சாலைக்கு நான்கைந்து உரிமையாளர்கள் இருப்பார்கள். தெருச்சாலை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, குப்பை, பூங்கா, பிறப்பு இறப்புச் சான்று, சொத்து வரி ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. விளக்கு மாநகராட்சியுடையது என்றாலும், அது தொங்கும் கம்பமும் அதற்கு மேலே தாழ்ந்து கிடக்கும் மின்கம்பியும் மின்வாரியத்துடையவை. அவற்றுக்கு மின்னகம் எண் 94987 94987 எந்நேரமும் இயங்குகிறது. ஊருக்குள் வரும் பெரிய சாலைகளில் சில மாநில நெடுஞ்சாலைத் துறையிடமும், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் சாலை தேசிய நெடுஞ்சாலைத் துறையிடமும் இருக்கின்றன. கெடிலம், தென்பெண்ணை ஆறுகளின் கரையும் அவற்றில் சேரும் பெரிய வாய்க்கால்களும் நீர்வளத்துறையைச் சேர்ந்தவை. தண்டவாளத்தை ஒட்டிய இடமும் சுரங்கப்பாதையின் கட்டுமானமும் ரயில்வேயுடையவை. சிதம்பரம் சாலையோரம் இருக்கும் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து நள்ளிரவில் நெடி வந்தால் அதை மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நெடி வந்த நேரத்தையும் காற்றடித்த திசையையும் கூடவே எழுதினால்தான் எந்த ஆலை என்று தேடவே முடியும்.

மாநகராட்சிக்குள்ளும் பிரிவுகள் உண்டு. சாலை, வடிகால், குடிநீர், விளக்கு ஆகியவை பொறியியல் பிரிவுக்குப் போகும். குப்பை, கொசு, தெருநாய், கால்வாய் தூர்வாருதல் ஆகியவை பொது சுகாதாரப் பிரிவின் வேலை. அங்கே உங்கள் வார்டின் சுகாதார ஆய்வாளர் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வரி என்றால் வருவாய்ப் பிரிவு. அனுமதி மீறிய கட்டடம் என்றால் நகரமைப்புப் பிரிவு. யாருடைய சாலை என்று உங்களுக்கே சந்தேகமாக இருந்தால், மனுவை ஆணையருக்கு எழுதி, "இச்சாலை தங்கள் பராமரிப்பில் இல்லையெனில் உரிய துறைக்கு அனுப்பி, அதன் நகலை எனக்கு வழங்க வேண்டுகிறேன்" என்று கடைசி வரியாகச் சேர்த்துவிடுங்கள். இந்த ஒரு வரியால் பல மாத அலைச்சல் மிச்சமாகும்.

கவுன்சிலரிடம் வாயால் சொன்னால் போதாதா?

சொல்லத்தான் வேண்டும். அவர் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய மாமன்ற உறுப்பினர். தெருவிளக்கு எரியவில்லை, குழாய் உடைந்து தண்ணீர் ஓடுகிறது என்பன போன்றவற்றுக்கு அவருடைய ஒரு தொலைபேசி அழைப்பு நம் பத்து மனுக்களுக்குச் சமம். ஆனால் பணம் ஒதுக்கி, டெண்டர் விட்டு நடக்க வேண்டிய வேலைக்கு அவர் கையிலும் ஒரு காகிதம் இருக்க வேண்டும். கூட்டத்தில் அவர் எழுந்து, "என் வார்டில் மக்கள் கஷ்டப்படுகிறார்கள்" என்று சொல்வதற்கும், "இன்ன தேதியில் 62 குடும்பங்கள் கையெழுத்திட்டுத் தந்த மனு இது" என்று நீட்டிக் காட்டுவதற்கும் இருக்கும் வித்தியாசத்தை அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிகள் நன்றாக அறிவார்கள். எனவே ஆணையருக்குக் கொடுக்கும் மனுவின் ஜெராக்ஸ் ஒன்றை எப்போதும் கவுன்சிலருக்கும் கொடுங்கள். நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பது இதில் பொருட்டே இல்லை.

மனுவை எப்படி எழுத வேண்டும்?

எங்கள் சங்கத்தின் முதல் மனுவை இங்கே அப்படியே சொல்கிறேன்: "எங்கள் தெருவில் சாக்கடை வசதி சரியில்லை, விளக்குகள் எரிவதில்லை, நாய்த் தொல்லை அதிகமாக உள்ளது, சாலை மிகவும் மோசம், ஆவன செய்ய வேண்டுகிறோம்." கீழே நாற்பது கையெழுத்து. எழுதியபோது மனம் நிறைந்திருந்தது. மூன்று மாதம் கழித்து விசாரித்தபோதுதான் பிழை எங்களுடையது என்று புரிந்தது. ஒரே தாளில் நான்கு பிரிவுகளின் வேலையைக் கேட்டிருந்தோம். தாளோ ஒன்று, அது ஒரு மேசையில்தான் இருக்க முடியும். எந்த இடம் என்றும் அதில் இல்லை.

இரண்டாம் முறை ஒரு தாளுக்கு ஒரு குறை என்று பிரித்தோம். வடிகாலுக்கான தாளில் இப்படி எழுதினோம்: "மூன்றாம் குறுக்குத் தெருவில் கதவு எண் 14 முதல் 22 வரை, கிழக்குப் பக்க வடிகால், சுமார் 40 மீட்டர் நீளம். இரண்டு இடங்களில் சிலாப் உடைந்து வடிகாலுக்குள்ளேயே விழுந்து கிடக்கிறது. மழை நின்று மூன்று நாளாகியும் தண்ணீர் வடிவதில்லை." நீளத்தை அளக்க டேப் எதுவும் கொண்டு போகவில்லை, பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி காலடியால் அளந்து சொன்னாள், அதுவே போதுமானதாக இருந்தது. உடைந்த சிலாப்பின் மேல் ஒரு செருப்பை வைத்து எடுத்த படம், ஓட்டையின் அளவைச் சொல்லாமல் சொன்னது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு உதவிப் பொறியாளர் யாரையும் கேட்காமல் நேராக இடத்துக்கு வந்து நிற்க முடிந்தது.

தெருவிளக்கு என்றால் கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண்ணைக் குறியுங்கள். குப்பை என்றால் எந்தக் கிழமைகளில் வண்டி வரவில்லை என்று எழுதுங்கள். கோபம் நியாயமாகவே இருந்தாலும், மனுவில் வசை வேண்டாம். தாளைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் அந்தத் தவறைச் செய்தவராக இருக்க மாட்டார்.

எங்கே கொடுப்பது? கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி?

மாநகராட்சி அலுவலகத்தின் தபால் பிரிவில் இரண்டு பிரதிகளாகக் கொண்டு போய், ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாதவர்கள் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்தால், மனு பதிவு செய்யப்பட்டு எண் கிடைக்கும். முதல்வரின் முகவரி பிரிவுக்கு 1100 என்ற எண்ணில் அழைத்துச் சொன்னாலும் எண் தருவார்கள். 2025 ஜூலை 15 அன்று நம் மாவட்டத்தின் சிதம்பரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களில் மனுக் கொடுத்தவர்களும் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரே குறையை ஒரே வாரத்தில் ஐந்து இடங்களில் கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஐந்தும் சுற்றி ஒரே உதவிப் பொறியாளரின் மேசைக்குத்தான் வரும்; ஐந்துக்கும் பதில் எழுதுவதில் அவருடைய நாள் போய்விடும். முதலில் மாநகராட்சி, முப்பது நாள் பொறுத்துப் பார்த்து, அந்த முத்திரையிட்ட நகலை இணைத்து ஆட்சியரிடம் போங்கள்.

பகுதி சபை என்பது என்ன? அதில் நாம் பேசலாமா?

பேசத்தான் அது இருக்கிறது. கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதைப் போல நகரத்துக்கும் ஒன்று வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்குப் பிறகு, 2022 இல் தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த ஆண்டு உள்ளாட்சி தினமான நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியின் வாக்காளர் அனைவரையும் உறுப்பினராகக் கொண்டு கூடுவது பகுதி சபை. கவுன்சிலர் தலைமையில், பகுதிகளின் பிரதிநிதிகளைக் கொண்டு அமைவது வார்டு குழு.

நகர உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 74 ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகர மக்கள் தம் தெருவைப் பற்றி முடிவெடுக்க உட்காரும் நாற்காலி அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் நமக்குக் கிடைத்தது. அதனால்தான் அந்த நாற்காலிகள் காலியாக இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். போனால் உங்கள் கோரிக்கை வருகைப் பதிவோடு சேர்ந்து நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்படுகிறதா என்று பாருங்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். எந்த வேலை முதலில் என்று அங்கேயே சண்டை வந்தாலும் வரட்டும். பள்ளிக்கூட வாசலிலுள்ள பள்ளம் முதலிலா, கோயில் தெரு விளக்கு முதலிலா என்பதை அந்தப் பகுதி மக்கள்தாம் பேசி முடிவெடுக்க வேண்டும்.

மாமன்றக் கூட்டத்தில் நாமே எழுந்து பேச முடியுமா?

முடியாது. அங்கே பேசுவது உறுப்பினர்களின் உரிமை. நம் கோரிக்கை ஒரு பொருளாக அஜெண்டாவில் ஏற வேண்டும் என்றால் கவுன்சிலர் மூலமாகவோ, அலுவலகக் குறிப்பு மூலமாகவோதான் ஏறும். கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானத்தின் எண்ணையும் தேதியையும் தெரிந்துகொள்ளுங்கள். "தீர்மானம் போட்டாச்சு" என்று யாரேனும் சொன்னால் அந்த எண்ணைக் கேட்பதில் தவறில்லை.

"நிதி இல்லை" என்ற பதில் வந்தால்?

அந்தப் பதிலுக்குப் பல பொருள்கள் உண்டு என்பதால், அடுத்த கேள்வியாக "மதிப்பீடு தயாரித்தாயிற்றா?" என்று கேளுங்கள். ஒரு வடிகால் நம் கண்ணுக்குத் தெரியும்படி கட்டப்படுவதற்கு முன், இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போட வேண்டும், தொழில்நுட்ப அனுமதியும் நிர்வாக அனுமதியும் பெற வேண்டும், டெண்டர் கோரி, ஒப்பந்ததாரரை முடிவு செய்து, வேலை உத்தரவு கொடுக்க வேண்டும். எஸ்டிமேட் போடாத வேலைக்கு எந்த நிதி வந்தாலும் பயனில்லை; மார்ச் மாத நெருக்கடியில் திடீரென்று ஒரு மானியம் வரும்போது, எஸ்டிமேட் தயாராக உள்ள தெருவுக்குத்தான் அது போகும். ஆகவே பணம் இல்லாத ஆண்டிலும் எஸ்டிமேட் போட வைப்பது நமக்கு ஒரு வெற்றிதான்.

மாநகராட்சியின் சொந்த நிதி தவிர வேறு வழிகளும் உண்டு. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி ரூபாய். பள்ளிக் கட்டடம், சமுதாயக் கூடம், நிழற்குடை போன்றவற்றை அங்கே கேட்கலாம். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கைச் செலுத்தினால் மீதியை அரசு தரும். வசதியுள்ளவர்கள் சிலராவது இருக்கும் தெருக்களுக்கு அது நல்ல வழி. அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள் வாழும் மீனவர் குடியிருப்பிலும் குடிசைப் பகுதியிலும் அதை வற்புறுத்துவது சரியல்ல என்பது என் கருத்து. வடிகால் அங்கே அடிப்படை உரிமை. பங்குத் தொகை கட்டினால்தான் கிடைக்கும் என்று ஆகிவிடக் கூடாது.

மழைநீர் வடிகாலுக்கு எப்போது மனுக் கொடுக்க வேண்டும்?

தண்ணீர் முழங்காலுக்கு வந்த பிறகு கொடுக்கும் மனுவுக்கு மோட்டார் பம்புதான் வரும், வடிகால் வராது. ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டும் என்றால், மேலே சொன்ன படிகளைக் கணக்கிட்டு, தை மாசியிலேயே மனு போய்விட வேண்டும். இருக்கும் வடிகாலைத் தூர்வாரக் கேட்கும் மனு ஆடிக்குள் போக வேண்டும்.

கடலூரில் இதைப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் சேரும் ஊர் இது. பரவனாறும் உப்பனாறும் முதுநகர்ப் பக்கம் வருகின்றன. மேற்கே மலையில் பெய்த மழையும் கடைசியில் நம் வழியாகத்தான் வடிய வேண்டும். 2015 இல் நவம்பர், டிசம்பர் மழையில் பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2024 டிசம்பர் 2 அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையால், தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டபோது, தென்பெண்ணைக் கரையோரக் குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்தது. இத்தகைய ஆற்று வெள்ளத்தைத் தெரு வடிகால் தடுக்காது. அதற்குக் கரையைப் பலப்படுத்தக் கேட்டு நீர்வளத்துறைக்கு எழுத வேண்டும். ஆனால் ஆற்றில் வெள்ளமே இல்லாத நாளில், இரண்டு மணி நேர மழைக்கே உங்கள் தெரு நிரம்புகிறது என்றால் அது வடிகாலின் குறை. இந்த இரண்டையும் மனுவில் கலந்து எழுதினால் இரண்டு துறைகளும் மற்றதைக் கைகாட்டும்.

வெள்ளம் வந்த அன்று உங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் எட்டிய உயரத்தில் ஒரு கோடு போட்டு, தேதியையும் எழுதி வையுங்கள். வெள்ளையடிக்கும்போது அதை விட்டுவிட்டு அடியுங்கள்.

பாதாளச் சாக்கடை பொங்குகிறது. ஆள் வைத்து எடுக்கச் சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். அவசரம் எவ்வளவு இருந்தாலும் ஒரு மனிதரை ஆள்நுழைவுக் குழிக்குள் இறக்கக் கூடாது. 2013 ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவிகளின்றி அப்படி இறக்குவதைத் தடை செய்கிறது. மாநகராட்சிக்கு மட்டுமின்றி, தன் வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளைக் கூப்பிடும் தனி நபருக்கும் அது பொருந்தும். சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குழிக்குள் இருக்கும் வாயுவுக்கு ஒரு மூச்சு போதும். மனுவில் "கழிவுநீர் உறிஞ்சும் வாகனம் அனுப்பி அடைப்பை நீக்க வேண்டுகிறோம்" என்றே எழுதுங்கள். யாரேனும் வெறுங்காலோடு இறங்க முற்பட்டால் தடுத்து நிறுத்துங்கள். இன்னும் ஒரு நாள் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள நம்மால் முடியும்.

குழாய்த் தண்ணீர் கலங்கலாக வருகிறது. யாரும் நம்ப மறுக்கிறார்கள்.

காலையில் குழாய் திறந்ததும் ஒரு வெள்ளைப் பாட்டிலில் பிடித்து, தேதி, நேரம், கதவு எண் எழுதி ஒட்டுங்கள். தொடர்ந்து மூன்று நாள் பிடித்த மூன்று பாட்டில்களையும் மேசை மேல் வரிசையாக வைத்தால் பேச வேண்டிய தேவையே இருக்காது. குளோரின் அளவைச் சோதிக்கக் கேளுங்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவாவது குளோரின் மீதம் இருக்க வேண்டும். தண்ணீரில் சாக்கடை வாடை இருந்தாலோ, தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் வயிற்றுப்போக்கு என்றாலோ மனு எழுதிக்கொண்டிருக்காமல் அன்றே சுகாதார ஆய்வாளரைக் கூப்பிடுங்கள்.

நடைபாதைக் கடைகளை எடுக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் 2014 ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, அடையாள அட்டை வைத்திருப்பவரை நினைத்தவுடன் அப்புறப்படுத்த முடியாது, எந்த இடத்தில் விற்கலாம் என்பதை நகர விற்பனைக் குழு வழியாக முடிவு செய்ய வேண்டும். "எடுங்கள்" என்று கேட்பதைவிட, "நடக்க இவ்வளவு அகலம் விட்டு, வியாபாரிகளுக்கு இடம் குறித்துக் கொடுங்கள்" என்று கேட்பது நிலைத்த பலன் தரும். நாம் கீரை வாங்குவதும் அந்த அம்மாவிடம்தான்.

வாடகைக்கு இருப்பவர்கள் மனுக் கொடுக்கலாமா?

தாராளமாக. வரி ரசீது யார் பெயரில் இருந்தாலும், சாக்கடை வாசலில் தேங்குவது குடியிருப்பவருக்குத்தான்.

பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் உதவுமா?

உதவும், கேள்வி சரியாக இருந்தால். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. "ஏன் இன்னும் வேலை நடக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், அது விளக்கம் கேட்பது என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். "இன்ன தேதியிட்ட என் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைக் காட்டும் கோப்புக் குறிப்புகளின் நகல்", "இந்தத் தெருவுக்கான எஸ்டிமேட்டின் நகல்", "வேலை உத்தரவும் அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் ஏடு) உரிய பக்கங்களும்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் மாதிரியைப் பெறவும்கூட அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

புதுச்சேரியில் இருக்கும் உறவினர்களுக்கும் இதே வழிதானா?

தகவல் உரிமைச் சட்டம் அங்கும் உண்டு. ஆனால் மன்றம் இல்லை. 1968 க்குப் பிறகு 2006 இல்தான் அங்கு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011 இல் முடிந்த பின் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளை ஆணையர்களே நடத்திவந்தார்கள். தெருவிளக்குக்கும் சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக்குப் போகிறோம் என்று அங்குள்ளவர்கள் சொல்லும்போதுதான், நம்மிடம் ஒரு கவுன்சிலர் இருப்பதன் அருமை தெரிகிறது.

சாலை போட வந்துவிட்டார்கள். இனி நாம் செய்ய வேண்டியது ஏதும் உண்டா?

அன்றுதான் வாசலில் நிற்க வேண்டும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டால், ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிறது. தெருமழை அப்புறம் கூடத்துக்குள் வரும். பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021 இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தியிருக்கிறார். முதுநகரின் பழைய தெருக்களில் ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன திண்ணை வீடுகளில் இப்போது ஒரு படிதான் மண்ணுக்கு மேலே தெரிகிறது. ஆகவே வேலை தொடங்குவதற்கு முதல் நாள் மாலையே உங்கள் கீழ்ப்படியின் பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தி, தெருமட்டத்திலிருந்து படியின் உயரம் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்த மறுநாள் அதே இடத்தில் இன்னொன்று எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால், அந்த இரண்டு படங்களையும் இணைத்து, பில் தொகை வழங்கப்படுவதற்கு முன்பே உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.